நீலத்துக்கு அவர்கள் சொன்ன அர்த்தம்

ஜூலை 6, ஞாயிறு

கல்லூரியில் ஜனவரியில் கொடுத்த டைரி. அரை வருஷம் சும்மா கிடந்தது. மனசில் இருப்பதைத் தேவாவிடம் சொன்னால் சண்டை வரும், எழுதினால் வராது என்று இன்று எடுத்தேன்.

வீடு கட்டிக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது. வெளிச்சுவர் மட்டும் சிமெண்ட் பூச்சோடு நிற்கிறது. காலையில் பெயிண்டர் ஜெயசீலன் கலர் அட்டையோடு வந்தார். முல்லைப் பூங்கா நகரில் முக்கால்வாசி வீட்டுக்கு அவர்தான் அடித்திருக்கிறார். முக்கால்வாசி வீடும் சந்தன கலர்.

நான் அட்டையைப் புரட்டி ஒரு நீலத்தில் விரல் வைத்தேன். மையைப் போல அடர்த்தியான நீலம்.

"வெளியிலயா மேடம்?" என்றார் ஜெயசீலன்.

"வெளியிலதான். நாலு பக்கமும்."

தேவா செய்தித்தாளை மடித்தார். "சாண்டல் அடிச்சா என்ன யசோ? அழுக்குத் தெரியாது."

"நீலத்திலயும் தெரியாது."

"வெயில்ல வெளுத்துரும்."

"வெளுத்தா திரும்ப அடிப்போம்."

தென்றல் நடுவில் வந்து "எனக்கு ப்ளூ பிடிச்சிருக்கும்மா" என்றாள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள், அவள் ஓட்டும் சேர்த்தால் மெஜாரிட்டி. தேவா எழுந்து மோட்டார் போடப் போனார். அவருக்கு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை. எதிலும் சிவப்பு விழுவதற்கு முன்னாலேயே நின்றுவிடுகிற ஆள்.

மதியம் கருவாட்டுக் குழம்பு. ஜன்னலைச் சாத்திக்கொண்டு செய்தேன். எப்போதும் அப்படித்தான், வாசனை வெளியே போகும் என்பார் தேவா.

ஜூலை 9, புதன்

சாயங்காலம் கலியபெருமாள் சார் வந்தார். நகர் நலச் சங்கத்தின் செயலாளர், துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் அவர் தோட்டத்து முருங்கைக்காய்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மேடம். ஜெயசீலன் சொன்னான், ப்ளூ அடிக்கப் போறீங்களாமே?"

"ஆமா சார்."

"டார்க் ப்ளூவாமே?"

"ஆமா சார்."

காப்பியை ஆற்றினார். "நீங்களே இங்கிலீஷ் ப்ரொஃபஸர், உங்களுக்குத் தெரியாததா? ப்ளூன்னா இங்கிலீஷ்ல சோகம். என் மருமகன் லண்டன்ல இருக்கார், போன்ல கேட்டேன். மனசு சரியில்லைன்னா அங்க 'ஃபீலிங் ப்ளூ'ன்னுதான் சொல்வாங்களாம். புது வீட்டுக்குப் போயி எதுக்கு மேடம்?"

"இந்தத் தெருவுல லண்டன்காரங்க யாரும் இல்லையே சார்."

சிரித்தார். நல்லவிதமாகத்தான் சிரித்தார்.

"கடைசி வீடு கிளிப்பச்சை. பச்சைக்கு இங்கிலீஷ்ல பொறாமைன்னு ஒரு அர்த்தம் இருக்கு. அவங்ககிட்டப் போய்ச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"அது வேற மேடம்."

"எப்படி வேற?"

"அது கொஞ்சம் லைட்டா இருக்கு."

கிளிப்பச்சை லைட்டாம்.

அப்புறம் என்னை விட்டுவிட்டுத் தேவா பக்கம் திரும்பினார். "நெடுங்காட்டூர்ல உங்க வீடு எந்தத் தெரு சார்? அங்க எனக்கு ஒரு பங்காளி இருக்கார். போற வர்றப்ப விசாரிக்கலாம்னு பாத்தேன்."

தேவா சொன்னார்: "யசோ, பால் பொங்குது பாரு."

அடுப்பில் பால் இல்லை. எழுந்து உள்ளே போனேன். கொஞ்ச நேரம் சமையலறையில் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

முதலாண்டு மாணவர்களுக்கு வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு பேசுவோம். பாடத்திட்டத்தில் இல்லாதது. இங்கிலீஷ் என்றாலே கடைசி பெஞ்சுக்குப் போய் ஒளிகிற பிள்ளைகளை இழுத்துவரத்தான் இது. இன்று போர்டில் 'ப்ளூ' என்று எழுதினேன்.

"என்ன ஞாபகம் வருது, சொல்லுங்க."

பின்னால் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அந்தப் படம்தானே? அதுவும் ஒரு அர்த்தம்தான், எழுதிக்கோங்க" என்று நானே போர்டில் எழுதிப் போட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

சோகம் வந்தது. அபூர்வமாக நடப்பதை நீல நிலா என்பது, முன்னறிவிப்பில்லாமல் நடப்பதை நீலத்திலிருந்து விழுந்தது என்பது எல்லாம் வந்தது. அப்புறம் நீல ரத்தம். உயர்குடி என்று அர்த்தம். ஸ்பெயினில் சில குடும்பங்கள், பாருங்கள் எங்கள் தோல் எவ்வளவு வெளுப்பு, உள்ளே ஓடும் நரம்பு நீலமாகத் தெரிகிறது, எங்களுக்குள் வேறு ரத்தம் கலக்கவே இல்லை என்று பெருமை அடித்துக்கொண்டதிலிருந்து வந்த வழக்கு என்பார்கள். இதைச் சொன்னேன்.

செல்லதுரை எழுந்தான். காலையில் வயலுக்குப் போய்விட்டுக் கல்லூரிக்கு வருகிறவன். "அப்ப வெயில்ல நிக்காதவன் ரத்தம் மட்டும் நீலம். நாங்க நின்னா சிவப்பு. அப்படித்தானே மேம்?"

"அப்படித்தான்."

"இதுக்கு எதுக்கு மேம் ஸ்பெயினுக்குப் போகணும்?"

வகுப்பே கைதட்டியது. நானும் தட்டியிருப்பேன், கையில் சாக்பீஸ்.

நீலக் காலுறைக்காரி என்றால் ரொம்பப் படித்த பெண்ணைக் கிண்டல் செய்வது என்றேன். "படிச்ச திமிரு மேம்" என்று ரிஸ்வானா உடனே தமிழில் சொல்லிவிட்டாள். இருபது வருஷ சர்வீஸில் இவ்வளவு சரியான மொழிபெயர்ப்பை நான் கேட்டதில்லை.

மணி அடித்துவிட்டது. 'ப்ளாக் அண்ட் ப்ளூ' என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அடிபட்டு உடம்பு கன்றிப் போவதற்கு அப்படிச் சொல்வார்கள்.

ஜூலை 14, திங்கள்

ஜெயசீலன் வேலை ஆரம்பித்துவிட்டார். கிழக்குச் சுவர் முழுக்க ஒரு கோட் முடிந்தது. கல்லூரியிலிருந்து வந்தவள் உள்ளே போகாமல் தெருவிலேயே நின்று பார்த்தேன். வெட்கமாக இருந்தது, இவ்வளவு சந்தோஷப்படுவதற்கு.

பின் வீட்டு அனுசுயாவின் மகள் ஹரிணி தினமும் சாயங்காலம் தென்றலோடு ஷட்டில் ஆட வருவாள். இன்று வரவில்லை. பரீட்சையாக இருக்கும்.

ஜூலை 16, புதன்

தண்ணீர் வரவில்லை. நகருக்குப் பொதுவான ஆழ்துளைக் கிணறு, சங்கம்தான் வால்வு திறந்துவிடும். கலியபெருமாள் சாருக்குப் போன் செய்தேன். மோட்டார் ரிப்பேர் என்றார்.

எதிர் வீட்டில் வாசல் தெளித்துப் பெரிய கோலம் போட்டிருந்தார்கள்.

லாரித் தண்ணீர் சொல்லிவிட்டேன். ஹரிணி இன்றும் வரவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஜெயசீலன் காலையில் வந்து சாரத்தை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"என்ன ஜெயசீலன்?"

"ஆடி பொறந்துடுச்சி மேடம்."

"ஆடியில வேலையை ஆரம்பிக்க மாட்டாங்க. ஆரம்பிச்ச வேலையை நிறுத்தணும்னு யார் சொன்னா?"

கயிற்றைச் சுருட்டினார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "இந்த நகர்ல இன்னும் நாலு வீடு கைவசம் இருக்கு மேடம். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க."

அவர் மேல் கோபம் வரவில்லை. கிழக்குச் சுவர் நீலம், மற்ற மூன்றும் சிமெண்ட். பாதி ஷேவ் செய்த முகம் மாதிரி நிற்கிறது வீடு.

தென்றல் கேட்டாள்: "அம்மா, நாம வேற என்ன கலர் அடிச்சா ஹரிணி வருவா?"

பதில் யோசித்துக்கொண்டே இருந்ததில் சாம்பார் அடிபிடித்துவிட்டது. முருங்கைக்காய் சாம்பார். போகட்டும்.

ஜூலை 18, வெள்ளி

வகுப்பில் வேறு சொல் எடுக்கலாம் என்றேன். பிள்ளைகள் ப்ளூவே இன்னும் முடியவில்லை என்றார்கள். முடியவில்லைதான்.

ஜூலை 21, திங்கள்

கல்லூரியிலிருந்து வரும்போது தெருமுனையில் கலியபெருமாள் சார். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

"ரொம்ப நன்றி மேடம். சார் பெரிய மனுஷன். ஒரே வார்த்தையில முடிச்சுட்டார்."

"எதை முடிச்சார்?"

"கிழக்குச் சுவரையும் சேத்து க்ரீமே அடிச்சிடறோம்னு நேத்து வாக்கு குடுத்துட்டாரே, உங்ககிட்ட சொல்லலையா?"

வீட்டுக்கு வந்தேன். தேவா குக்கருக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார். ஷிப்ட் இல்லாத நாளில் அவர்தான் சமைப்பார்.

"வாக்கு குடுத்தீங்களாமே?"

தண்ணீரை வடித்தார். "தண்ணி வரலை. பாப்பா தனியா நிக்குது. ஒரு பெயிண்டுக்காக இவ்வளவு வேணுமா?"

"பெயிண்டுக்காகன்னு நீங்க நம்பறீங்களா?"

குக்கரை அடுப்பில் ஏற்றினார். அப்போதுதான் அந்தப் பால் ஞாபகம் வந்து கேட்டேன். "அந்த மனுஷன் எந்தத் தெருன்னு கேட்டப்ப ஏன் என்னை எழுப்பி விட்டீங்க?"

அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மனை வாங்கின அன்றைக்குக் கலியபெருமாள் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். இவர் நெடுங்காட்டூர் என்றிருக்கிறார். "அப்ப நம்மாளுதான்" என்று அவர் தோளில் கை போட்டிருக்கிறார். இவர் பேசாமல் நின்றிருக்கிறார்.

"நான் பொய் சொல்லலை யசோ. அவரே புரிஞ்சுக்கிட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

"அதான்."

ரெண்டு வருஷமாக அந்த ஒன்றும் சொல்லாததற்குள்தான் நாங்கள் குடியிருந்திருக்கிறோம். கருவாட்டுக்குச் சாத்திய ஜன்னல், பால் காய்ச்சின அன்றைக்கு ஆபீஸ்காரர்களை மட்டும் கூப்பிட்டது, கோட்டும் கண்ணாடியும் போட்டவரின் படத்தை ஹாலில் மாட்டாமல் படுக்கையறையில் மாட்டினது. ஹாலில் வெளிச்சம் பத்தாது என்றார். ஹாலில் மூன்று ஜன்னல். எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரியாது என்று இங்கே எழுதினால் அது அவர் சொன்ன பதில் மாதிரிதான் இருக்கும்.

"என்னைக் கோழைன்னு நினைக்கிற" என்றார்.

"இல்லை. ஆனா என் சுவருக்கு நீங்க வாக்கு குடுக்க முடியாது."

சோறு குழைந்துபோயிருந்தது. மூன்று பேரும் அதையே சாப்பிட்டோம்.

ஜூலை 24, வியாழன்

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கலியபெருமாள் சார் போட்டிருக்கிறார். ஞாயிறு மாலை பூங்காவில் கூட்டம். பொருள்: நகரின் வண்ண ஒற்றுமை.

வண்ணமாம். ண் இருக்கிற இடத்தில் ர் போட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

"போக வேணாம்" என்றார் தேவா. என்னுடைய நீலப் பட்டுப் புடவையை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். நாற்பது பேர் இருப்பார்கள். பேப்பர் கப்பில் டீ, சமோசா. நான் மட்டும் போவதாகத்தான் கிளம்பினேன். வாசலில் செருப்பு மாட்டும்போது தேவாவும் வந்து மாட்டினார்.

கலியபெருமாள் சார் நிதானமாக ஆரம்பித்தார். நகரின் அழகு, வரப்போகிறவர்களின் அபிப்பிராயம், எல்லா வீடும் ஒரே குடும்பம் மாதிரி. அப்புறம் சொன்னார்: "தனிப்பட்ட முறையில யாரையும் சொல்லலை. பொதுவாச் சொல்றேன். ப்ளூங்கறது இங்கிலீஷ்ல துக்கத்துக்கான கலர். இன்னொரு அர்த்தமும் இருக்கு, பெண்கள் இருக்காங்க, அதை நான் சொல்ல விரும்பலை. குழந்தைங்க வளர்ற இடம். க்ரீம், சாண்டல் ரெண்டுல ஒண்ணு, எல்லாருக்கும் சம்மதமா? கையைத் தூக்குங்க."

முதலில் தூக்கியது அனுசுயா. அவர் கேட்டு முடிக்கும் முன்பே தூக்கிவிட்டாள். முதல் நாள் குடிவந்தபோது எனக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள். என் பக்கம் பார்க்காமல் கையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒவ்வொன்றாக மற்ற கைகள்.

நான் எழுந்தேன்.

"சார் சொல்ல விரும்பாத அர்த்தத்தை என் வகுப்புல நானே போர்டுல எழுதிட்டேன். பிள்ளைங்க யாரும் கெட்டுப்போகலை. துக்கம்னு ஒரு அர்த்தம் இருக்கு, உண்மை. மாறாத விசுவாசத்துக்கும் அங்க நீலம்தான். வீடு கட்ட முதல்ல போட்ட வரைபடம், அதுக்கும் பேர்ல நீலம். உங்க எல்லாருடைய வீடும் அதுலேருந்துதான் வந்துச்சி. மருமகன்கிட்ட இதையும் கேளுங்க சார்."

யாரோ சிரித்தார்கள்.

"இருபது வருஷமா இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கறேன். அதனால சொல்றேன், நாம இப்ப பேசிக்கிட்டிருக்கிறது இங்கிலீஷ் இல்லை. இங்கிலீஷ்ல நீலத்துக்கு என்ன அர்த்தம்னு நான் சொல்லிட்டேன். தமிழ்ல, இந்த நகர்ல, என் வீட்டுச் சுவர்ல இருந்தா அதுக்கு என்ன அர்த்தம்? அதை நீங்க யாராவது சொல்லுங்க. உக்காந்து கேக்கறேன்."

உட்கார்ந்தேன். புடவைத் தலைப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

எல்லோரும் டீக் கப்பைப் பார்த்தார்கள், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்கள். கலியபெருமாள் சார், "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை மேடம்" என்று இழுத்தார்.

கடைசி வரிசையில் வேலாயுதம், பஸ் கண்டக்டராக இருந்தவர், எழுபது வயசு இருக்கும். உட்கார்ந்தபடியே சொன்னார்: "ஏன்யா மென்னு முழுங்கறீங்க? இந்தா டீச்சரம்மா, நான் சொல்றேன். எங்க தெருவுல வந்து உங்க கொடிய ஏத்துன மாதிரி இருக்குது. அதான் சங்கதி."

சுற்றி இருந்தவர்கள் அவர் தொடையைத் தட்டி அடக்கினார்கள். நான் மறுபடி எழுந்து கும்பிட்டேன். "நன்றிங்க ஐயா. மூணு வாரமா எல்லாரும் லண்டனைச் சுத்திக்கிட்டு இருந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் நேரா வந்தீங்க."

அவர் சமோசாவை எடுத்துக் கடித்தார்.

"கொடி இல்லைங்க, வீடுதான். ஆனா உங்களுக்குக் கொடியாத் தெரிஞ்சா அதுக்காக நான் வெக்கப்பட மாட்டேன்" என்றேன்.

அப்போது பக்கத்து நாற்காலி நகர்ந்தது. தேவா எழுந்து நின்றார். இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் பான்ட் பைக்குள் விட்டார், வெளியே எடுத்தார்.

"கலியபெருமாள் சார். என்னை எந்த ஊருன்னு கேட்டீங்க. நெடுங்காட்டூர்னு சொன்னேன்." முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "ஊர் இல்லை சார். நெடுங்காட்டூர் காலனி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வாய்க்கா இருக்கு. நான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். அன்னைக்கே சொல்லியிருக்கணும். உங்க பங்காளிகிட்ட விசாரிக்க வேணாம், நானே சொல்லிட்டேன்."

கொடுத்த வாக்கை வாபஸ் வாங்குகிறேன் என்றும் சொன்னார். ஆனால் அதற்குள் குரல் இறங்கிவிட்டதால் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

கலியபெருமாள் சார் அவசரமாக எழுந்து வந்தார். "என்ன சார் நீங்க! அதெல்லாம் இந்தக் காலத்துல யாரு பாக்கறா?"

"அப்ப நாளைக்குக் காலையில தண்ணி வரும் இல்ல சார்?" என்று கேட்டேன்.

"மோட்டார்..." என்றார். அப்புறம், "வரும் வரும். கலர் விஷயத்தைக் கமிட்டியில வச்சுப் பரிசீலிக்கலாம்" என்றார்.

"பரிசீலிக்க ஒண்ணும் இல்லைங்க. சுவர் என்னோடது."

வந்துவிட்டோம். தேவா வீட்டுக்குள் வந்ததும் முகம் கழுவப் போனார். வெகுநேரம் குழாய்ச் சத்தம் கேட்டது. லாரித் தண்ணீர் வீணாகிறது என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டேன்.

ஜூலை 28, திங்கள்

தண்ணீர் வந்தது. எல்லோருக்கும் வந்தபிறகு, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மெலிசாக. குடங்களை நிரப்பி, வாசலில் நிதானமாகக் கோலம் போட்டேன். வேலாயுதம் அந்தப் பக்கமாக நடந்தவர் நின்று கோலத்தைப் பார்த்தார். "புள்ளி தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். தப்புதான்.

தேவா வேலைக்குக் கிளம்பும் முன் அண்ணனுக்குப் போன் செய்தார். ஹாலில் நின்று, ஜன்னல் திறந்திருக்க, நன்றாகக் கேட்கும்படி. "அண்ணே, ஞாயித்துக்கெழமை ஆடிப்பெருக்கு. வீட்டுக்கு வா. அண்ணியக் கூட்டிக்கிட்டு வா. சுவர் வேலை பாக்கி இருக்கு, ஆளு கெடைச்சா கூட்டிக்கிட்டு வா."

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ. இவர், "ஆமாண்ணே. இல்லண்ணே. ஆமாண்ணே" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தேவாவின் அண்ணன் மாணிக்கவேல் மாமா காலை டிபனுக்கே வந்துவிட்டார். கூடவே அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், இரண்டு பெயிண்டர்கள், ஒரு மூட்டை கேழ்வரகு, ஒரு சேவல். ஷேர் ஆட்டோவைத் தெருமுனையில் விடாமல் வாசல் வரைக்கும் ஓட்டிவரச் சொல்லியிருக்கிறார்.

கேட்டைத் தாண்டியதும் வீட்டை அண்ணாந்து பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். "வீடு கட்டி எட்டு மாசமாச்சி. இப்பத்தான்டா எங்களுக்கு வழி தெரியுது."

தேவா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மாமா லுங்கியை மடித்துக் கட்டி, "எங்கடா ரோலர்?" என்றார்.

நாள் முழுக்க வேலை. மேல் சுவருக்குப் பெயிண்டர்கள், கீழே நாங்கள். தெற்குச் சுவரில் நான் அடித்த இடம் மட்டும் திட்டுத்திட்டாக இருக்கிறது, அக்கா சிரித்துச் சிரித்து மாய்ந்துபோனாள். தென்றலின் தலைமுடியெல்லாம் நீலம். மத்தியானம் சேவல் குழம்பு. நான் ஜன்னலைச் சாத்தப் போனேன், பழக்கம். தேவா "இருக்கட்டும்" என்றார்.

தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். சிலர் பார்க்காமல் போனார்கள். ஜெயசீலன் பைக்கில் வந்தவர் வேகத்தைக் குறைத்து, "ரெண்டாவது கோட்டுக்குத் தண்ணி கம்மியாக் கலங்க மேடம்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

வெயில் இறங்கினபோது நான்கு பக்கமும் முடிந்துவிட்டது. கையெல்லாம் வலி. இந்த நீலத்துக்கு என்ன அர்த்தம் என்று இப்போது யாராவது கேட்டால், சாப்பிட வாங்க என்று சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 6, புதன்

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை யாரோ நீக்கியிருக்கிறார்கள். தேவாவை நீக்கவில்லை. படிச்ச திமிருக்கு மட்டும்தான் தண்டனை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

மத்தியானம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். தேவா ஷிப்டில், தென்றல் ட்யூஷனில். பின்பக்கக் கம்பிக்கதவு லேசாகச் சத்தம் போட்டது. அனுசுயா. அவள் வீட்டுக் கொல்லைக்கும் எங்கள் கொல்லைக்கும் நடுவில் ஒரு சந்து, அது வழியாக வந்திருக்கிறாள்.

"அக்கா, உள்ள வரலாமா?"

பேசக்கூடாது என்றுதான் நினைத்தேன். முதலில் தூக்கின அந்தக் கை கண்ணுக்கு முன்னால் நின்றது. ஆனால் வெயிலில் நின்றவளைப் போ என்று சொல்ல வாய் வரவில்லை. பின்வாசல் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். சமையலறையிலேயே நின்றாள்.

"உக்காரு."

உட்காரவில்லை. முந்தானையை விரலில் சுற்றினாள். "கூட்டத்துல கையைத் தூக்குனேன்."

"பாத்தேன்."

"மொத ஆளாத் தூக்குனேன்."

"அதையும் பாத்தேன்."

"கடைசியாத் தூக்குனா யாராவது கவனிப்பாங்கக்கா. இவ ஏன் யோசிக்கறான்னு கேப்பாங்க."

நான் கையிலிருந்த ஈரத்துணியைக் கீழே வைத்தேன்.

"நாங்களும்தான் அக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எந்த ஊர் என்றுகூடச் சொல்லவில்லை. பிறகு நின்றபடியே அழுதாள், சத்தம் வராமல். சத்தம் வராமல் அழுவதற்கு எத்தனை வருஷப் பழக்கம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். ஹரிணிக்கே தெரியாதாம். பள்ளிக்கூடச் சான்றிதழைக் கூட அவள் கண்ணில் காட்டியதில்லையாம். சொந்தக்காரர்கள் யாரும் வருவதில்லை. தன் அப்பா செத்ததுக்கு, வேலூரில் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போய்வந்திருக்கிறாள். மொட்டை மாடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். சேவல் குழம்பு வாசனை வந்ததாம்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா. இவரு என்னைக் கொன்னே போட்டுருவாரு."

"என் வாயால வராது. அது நீ சொல்ல வேண்டியது, எப்ப வேணும்னாலும், சொல்லாமலே இருந்தாலும் சரி. ஆனா ஒண்ணு. என் வீட்டுக்குப் பின்பக்கமா வராதே."

அவள் முகம் சுருங்கியது. வராதே என்று சொல்லிவிட்டதாக நினைத்துவிட்டாள்.

"வா. முன்வாசல் வழியா வா. பக்கத்து வீட்டுக்காரி பக்கத்து வீட்டுக்கு வர்றதுக்கு யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை. ஹரிணியையும் அனுப்பு. போகும்போதும் முன்வாசல் வழியாப் போ."

ஹாலுக்கு நடந்து, முன்கதவை முழுசாகத் திறந்துவிட்டேன். எதிரே கலியபெருமாள் சார் வீட்டு வாசலில் அவரே குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அனுசுயா கதவு வரைக்கும் வந்து நின்றுவிட்டாள். நிலையைப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தேன். பின்பக்கமாகவே திரும்பிப் போயிருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

"வர்றேன்க்கா" என்றாள். தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

படியிறங்கி, கேட்டைத் திறந்து, தெருவில் இறங்கி நடந்தாள். கலியபெருமாள் சார் நிமிர்ந்து பார்த்தார். அவள் நின்று, "என்ன சார், செடி நல்லா வந்திருக்கே" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போனாள். மூலை திரும்பும்போதுதான் கவனித்தேன், வெறுங்காலோடு போகிறாள். ஆகஸ்ட் வெயிலில் தார்ச்சாலை என்னமாய்ச் சுட்டிருக்கும். ஓடவில்லை.

செருப்பு இன்னும் பின்படியில் கிடந்தது. எடுத்து வந்து துடைத்து, முன்வாசல் படியில், தெருவைப் பார்க்க வைத்திருக்கிறேன்.